தடுத்தவள்

ஜெர்மன்காரனோடு நடந்த யுத்தம் முடிந்த வருஷம் பம்பாயில் மழை சீக்கிரமே பிடித்துக்கொண்டது. தாராவியில் தோல் பட்டறைகளின் சுண்ணாம்புத் தொட்டிகள் நிரம்பி வழிந்து, தண்ணீர் வெள்ளை வெள்ளையாகச் சந்துகளில் ஓடியது. மாஹிம் காடி என்கிற உப்பங்கழிப் பக்கமிருந்து கழிச்சேறு ஏறி வந்தது. ஈரத்தில் தோல் நாற்றம் இரண்டு மடங்காகிவிடும். புதிதாக வந்தவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். இருந்து பழகியவர்களுக்கு அந்த நாற்றம் வந்தால் வீடு வந்துவிட்டது என்று அர்த்தம்.

முருகம்மாளின் கோலிக்குள் அடுப்புப் புகை வெளியே போக வழியில்லாமல் தகரத்தடியிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. ஒற்றை அறைதான் வீடு. அதைக் கோலி என்றுதான் அங்கே எல்லோரும் சொல்வார்கள். அவள் புருஷன் பூதத்தான் கரீம் பாட்சாவின் தோல் பட்டறைக்குப் போய்விட்டான். ரேஷன் அரிசியில் கல்லையும் புழுவையும் பொறுக்கிக் குருணையாக உடைத்து, சுக்குப் போட்டு, மிளகை நசுக்கிப் போட்டுக் கஞ்சி காய்ச்சியிருந்தாள். தூக்குப்போணியில் அதை ஊற்றி மூடி, எதிரே உட்கார்ந்திருந்த தெபோராளின் பக்கம் நகர்த்தினாள்.

“நீங்க வச்சதுன்னே சொல்லுங்க. எம் பேச்ச எடுத்துராதிய.”

“இப்படி எத்தன நாளைக்கு முருகு?”

“அவ வயித்துல உள்ளது வெளிய வார வரைக்கும். பொறவு அவ பாடு.”

“நீயே கொண்டுபோயிக் குடுத்தா என்ன? பலகைக்கு அந்தப் பக்கந்தான கெடக்கா.”

முருகம்மாள் எரிகிற விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்தாள். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது. இரண்டு பேரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

இருமியது முப்பிடாதியம்மாள், முருகம்மாளின் கூடப்பிறந்த தங்கச்சி. அண்ணன் பூதத்தானுக்கு அக்காளையும், தம்பி வெயிலுமுத்துவுக்குத் தங்கச்சியையும் கட்டிவைத்து, ஊரில் ஒரே நாளில் ரயிலேற்றி அனுப்பியிருந்தார்கள். பக்கத்துப் பக்கத்துக் கோலி, நடுவில் ஒரு பலகை. அக்காளுக்குப் பிள்ளை தங்கவில்லை. தங்கச்சிக்குப் பெண் பிறந்தது. செல்லக்கனி என்று பேர் வைத்தார்கள். முப்பிடாதி தோல் பட்டறையில் மயிர் சுரண்டும் வேலைக்குப் போனதால் பிள்ளை முருகம்மாளின் இடுப்பிலேயே வளர்ந்தது. பேச்சு வந்தபோது அது முருகம்மாளை ஆத்தா என்றும், பெற்றவளைச் சித்தி என்றும் கூப்பிட்டது. சந்தே சிரித்தது. முப்பிடாதிக்குச் சிரிப்பு வரவில்லை. வேலையை விட்டுவிட்டு ஒரு நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். அதன் பாயையும் தட்டையும்கூட விடாமல் எடுத்துக்கொண்டாள். அடுத்த மழைக்காலத்தில் ஜன்னி கண்டு பிள்ளை இறந்துபோயிற்று.

இறந்த வீட்டுக்கு முருகம்மாள் போகவில்லை. கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டாள். பூதத்தான் போனான், சயான் மயானத்தில் தம்பியோடு சேர்ந்து குழி வெட்டினான். சந்துக்காரர்கள் எல்லோரும் போனார்கள். வளர்த்தவள் மட்டும் வரவில்லை. அன்றிலிருந்து அக்காளும் தங்கச்சியும் முகம் பார்ப்பதில்லை. அண்ணன் தம்பியும் பெண்டாட்டிகளுக்குப் பயந்து பட்டறை வாசலில் நின்றுதான் பேசிக்கொண்டார்கள்.

அன்றைக்குத் தாழிட்ட கதவுக்குள் முருகம்மாளோடு இருந்தவள் தெபோராள் ஒருத்திதான். ‘வா, எந்திரி, ஒரு வாட்டி அந்த மொகத்தப் பாத்துட்டு வந்திரு’ என்று கையைப் பிடித்து இழுத்தாள். முருகம்மாள் கூரையைத் தாங்கும் நடுக்காலைக் கட்டிக்கொண்டு விடவில்லை. பக்கத்துக் கோலியில் ஒப்பாரிச் சத்தம் காதைப் பிளந்தது. அந்தச் சத்தத்துக்குள் தெபோராளின் காதில் வாயை வைத்து அவள் சொன்னாள்:

“நாந்தான் கொன்னுட்டேன். பிள்ளய அவ பறிச்சிட்டுப் போன அன்னைக்கி அம்மன் படத்துக்கு முன்னால தலைய விரிச்சுப் போட்டுக் கேட்டேன். எனக்கு இல்லாதது அவளுக்கும் இருக்கப்படாதுன்னு கேட்டேன். அம்மன் கேட்டுட்டா. எந்த மொகத்த வச்சிக்கிட்டு நான் போயி அழுவேன்?”

“பைத்தியக்காரி. எந்தச் சாமியும் அப்படி எடுக்காதுளா. காய்ச்சல்ல போச்சி. ஆஸ்பத்திரி டாக்டரே சொன்னாருல்லா.”

“நீங்க வேதக்காரங்க. உங்களுக்குத் தெரியாது.”

அந்தப் பேச்சு அன்றிலிருந்து தெபோராளிடமே தங்கிவிட்டது.

தெபோராள் நாசரேத்துப் பக்கத்து ஊர்க்காரி. புருஷன் பரேல் மில்லில் நெசவு பார்த்து, நெஞ்சுநோய் கண்டு போய்ச் சேர்ந்தான். பிள்ளை இல்லை. ஊருக்குத் திரும்பிப் போனால் தனக்கு அங்கே என்ன பெயர் காத்திருக்கிறது என்று தெரியும், போகவில்லை. மிஷனில் வேதஸ்திரீ என்று உத்தியோகம் கொடுத்தார்கள். வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பாள். நோயாளிகள் பக்கத்தில் உட்காருவாள். கேட்க மனமுள்ளவர்களுக்கு ஏசுசாமியைப் பற்றிச் சொல்லுவாள். அடித்துக்கொள்ளும் வீடுகளில் நடுவில் போய் நிற்பாள். குடித்துவிட்டு அரிவாள் தூக்கியவனைக்கூடப் பேசிப் பேசி உட்காரவைத்திருக்கிறாள். இந்த இரண்டு கோலிகள்தான் அவளால் ஆகாமல் கிடந்தன.

ஆனால் அவள் உட்கார்ந்து சாப்பிடுவதும் இந்த இரண்டு கோலிகளில்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தால் முருகம்மாள் வீட்டில் கருவாட்டுக் குழம்பு, சாயங்காலம் முப்பிடாதி வீட்டில் சாயா. அக்காள் தங்கச்சியைப் பற்றிப் பேச அவள் வேண்டும், தங்கச்சி அக்காளை ஏச அவள் வேண்டும். ஜெபக்கூடத்துக்குப் பின்னாலிருந்த தன் அறையில் தெபோராள் படுப்பதோடு சரி.

தூக்குப்போணியை எடுத்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள். பக்கத்துக் கதவில் உடனே நுழையவில்லை. சந்து முனைக்குப் போய், குழாயடியைச் சுற்றி, தன் அறையிலிருந்து வருகிறவள் மாதிரி அந்தப் பக்கமாக வந்தாள். தினமும் இப்படித்தான். சேற்றில் சேலைக்கரை கனத்தது.

முப்பிடாதி பாயில் சுவரோரமாகச் சாய்ந்திருந்தாள். இரண்டு காலும் வீங்கி மினுமினுத்தன. மாசம் எட்டாகியிருந்தது. வெயிலுமுத்து துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனால் இருட்டித்தான் வருவான். மருத்துவச்சி வந்து பார்த்துவிட்டு, உடம்பில் ரத்தமே இல்லை, கூட இருந்து பார்க்க ஒரு பொம்பிளை வேண்டும் என்று சொல்லிப் போயிருந்தாள்.

“எந்திரி தாயி. சூட்டோட ரெண்டு வாய் குடி.”

“வாய் கசக்கு வேதக்காரம்மா.”

“கசந்தாலும் குடிக்கணும். உனக்கில்ல, உள்ள கெடக்கதுக்கு.”

முப்பிடாதி கிண்ணத்தை வாங்கி ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்துவிட்டு நிறுத்தினாள். கஞ்சியை நாக்கில் வைத்துக்கொண்டு தெபோராளையே பார்த்தாள்.

“இது நீங்க வச்ச கஞ்சி இல்ல.”

“பொறவு ஆரு வச்சா?”

“நீங்க மிளகப் பொடிச்சிப் போடுவிய. இது ஒண்ணுரெண்டா நசுக்கிப் போட்டிருக்கு. எங்க ஆத்தா இப்படித்தான் போடுவா. ஆத்தாகிட்ட கத்துக்கிட்டவ ஒருத்திதான் இருக்கா.” கிண்ணத்தைத் தள்ளினாள். கஞ்சி பாயோரத்தில் கொட்டித் தரையில் ஓடியது. “இத்தன நாளும் அவ சோத்தையா எனக்கு ஊட்டுனிய? அவ கஞ்சியக் குடிச்சி நான் பிள்ள பெறணுமாக்கும்? செத்தாலும் சாவுதேன். எம் பொணத்தக்கூட அவ தொடப்படாது.”

“வயித்துப் பிள்ளக்காரி அப்படிச் சொல்லாதளா.”

“அப்படித்தான் சொல்லுவேன்.” மூச்சு வாங்கியது. பிறகு குரல் மாறியது. “வேதக்காரம்மா, ஒண்ணு கேக்கேன். உங்க சாமிக்குப் பொதுவாச் சொல்லணும். அன்னைக்கி அவகூட உள்ள இருந்தது நீங்க ஒராள்தான். எம் பிள்ளயத் தூக்குத வரைக்கும் நான் வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன். ஒவ்வொரு ஆளா வந்தாக. இப்ப வந்திருவா, இப்ப வந்திருவான்னு இருந்தேன். அவ வந்தா கட்டிப்பிடிச்சி அழணும்னு அழுகைய வச்சிக்கிட்டு இருந்தேன் தெரியுமா? வளத்தவ வரலியே. ஏன் வரல?”

இதை அவள் இதுவரை கேட்டதில்லை. ஏசியிருக்கிறாள், மண்ணை வாரித் தூற்றியிருக்கிறாள். ஏன் என்று கேட்டதில்லை.

தெபோராள் கொட்டின கஞ்சியைத் துணியால் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள். பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. பாத்திரம் உருளவில்லை, வளையல் குலுங்கவில்லை. முருகம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. உள்ளதைச் சொன்னால் இந்தப் பெண் இன்றைக்கே பலகையைப் பிய்த்துக்கொண்டு அக்காள் மேல் பாய்வாள். தெரியாது என்று சொன்னால் வந்த கேள்வி திரும்பிப் போய்விடும். அது இனி ஒரு தரம் வராது.

“நாந்தான் தடுத்தேன்,” என்றாள் தெபோராள்.

“என்னது?”

“அவ வரத்தான் எந்திரிச்சா. தலையில அடிச்சிக்கிட்டு வந்தா. நாந்தான் கதவுக்குக் குறுக்க நின்னேன். பிள்ள இல்லாதவ போயி மொத ஆளா நின்னா, இவ கண்ணு பட்டுத்தான் போச்சின்னு நாலு பேரு பேசுவாங்க, நீ போவாதன்னேன். அவ எங்கிட்ட மல்லுக்கட்டுனா. நான் விடல.”

சொல்லிமுடித்த பிறகுதான் அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று அவளுக்குப் பிடிபட்டது. ஊரில் கொழுந்தன் பிள்ளைக்குக் காது குத்திய அன்றைக்கு, பந்தலுக்கு வெளியே நிறுத்தி அவளிடம் மாமியார் சொன்ன வார்த்தை அது.

முப்பிடாதியின் முகம் முதலில் வெளிறியது, பிறகு சிவந்தது.

“எங்க அக்காவ மலடின்னு சொன்னியா?”

இத்தனை வருஷமாக வந்த ‘நீங்க’ அதோடு போயிற்று.

“அப்படிச் சொல்லல தாயி...”

“வேற எப்படி? பெறாதவ கண்ணு பட்டுரும்னா என்ன அர்த்தம்? நீ மட்டும் எத்தன பெத்துக் குவிச்ச? நீ வந்து தொட்ட வீடெல்லாம் வெளங்கிட்டா? ரெண்டு மழையா என்னையும் அவளையும் பிரிச்சி வச்சிட்டு, இங்கிட்டுச் சாயா குடிச்ச, அங்கிட்டுக் குழம்பு தின்ன. வேதஞ் சொல்லுத வாயாளா உனக்கு?”

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தெபோராள் தாங்கப் போன கையைத் தட்டிவிட்டாள். வீங்கின காலோடு மழையில் இறங்கி, பக்கத்துக் கதவை இரண்டு கையாலும் அடித்தாள்.

“யக்கா! யக்கா, கதவத் தொற!”

கதவு திறந்தது. முருகம்மாள் நின்றாள். முப்பிடாதி அவள் மேல் போய் விழுந்தாள். வயிறு குறுக்கே நின்றதால் சரியாகக் கட்டிப்பிடிக்க முடியவில்லை, பக்கவாட்டில் சாய்ந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். தெபோராள் சந்தில் மழையில் நின்றாள். தங்கச்சியின் தோளுக்கு மேலாக முருகம்மாள் அவளைப் பார்த்தாள். வாய் திறந்தது. ஏதோ சொல்லத்தான் வந்தாள்.

“அந்த வேதக்காரி பேச்சக் கேட்டா நீ உள்ள உக்காந்திருந்த? என்னயப் பாக்க வரணும்னு உனக்குத் தோணலியா யக்கா?”

முருகம்மாள் பார்வையைத் தங்கச்சியின் தலைமேல் இறக்கிக்கொண்டாள்.

“நான் என்னளா செய்ய? தடுத்துட்டாளே,” என்றாள்.

அதோடு அவளுக்குத் தொண்டை திறந்துகொண்டது. செல்லக்கனி, எஞ் செல்லக்கனி என்று, அன்றைக்கு அழாத அழுகையை எல்லாம் சேர்த்து அழுதாள். இரண்டு பேரும் வாசல்படியிலேயே உட்கார்ந்து அழுதார்கள். சந்தில் கதவுகள் திறந்தன. இந்தச் சத்தத்துக்காகத்தான் தெபோராள் இரண்டு வருஷமாக முழங்காலில் நின்று கேட்டிருந்தாள். அதைக் கேட்டுக்கொண்டே திரும்பி நடந்தாள்.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் முருகம்மாள் முக்காடு போட்டுக்கொண்டு ஜெபக்கூடத்துக்குப் பின்னால் வந்தாள். உள்ளே வரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஏன் அப்படிச் சொன்னிய?”

“வாயில வந்திட்டு.”

“சந்து பூரா உங்களத்தான் ஏசுது.”

“ஏசட்டும். அவ சாப்பிட்டாளா?”

“ரெண்டு கிண்ணம் குடிச்சா. எங்கிட்டதான் படுத்திருக்கா.” முருகம்மாள் கதவின் நாதாங்கியைத் திருகிக்கொண்டே இருந்தாள். “நான் வேணா அவகிட்ட உள்ளதச் சொல்லிரட்டுமா?”

“வேண்டாம் முருகு. நெறமாசக்காரி. தாங்கமாட்டா.”

முருகம்மாளின் தோள்கள் இறங்கின. விட்ட மூச்சு அறைக்குள்ளே வரை கேட்டது. “நீங்க சொன்னாச் சரி,” என்று சொல்லி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டாள். அவள் இன்னொரு தடவை கேட்பாள் என்று தெபோராள் நினைத்திருந்தாள். கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாள். இருந்தாலும் இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்.

அன்றைக்கு ஜெபம் வரவில்லை. பொய் சொன்னேன், மன்னியும் என்று சொல்ல முடிந்தது. இனிமேல் இப்படிச் செய்யமாட்டேன் என்று சொல்லத்தான் நாக்கு எழவில்லை.

பேச்சு மழைத்தண்ணீர் மாதிரி எல்லாக் கோலிக்குள்ளும் புகுந்தது. எழுத்துப் படிக்க வந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக நின்றார்கள். ஒருத்திக்கு வேலை, ஒருத்திக்கு மாமியார் விடவில்லை. குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் பேச்சு நின்றது. ஒரு நாள் அங்கே முருகம்மாளே கூட்டத்தின் நடுவில் நின்று, “கதவுல இப்பிடிக் கைய விரிச்சிக்கிட்டு நின்னா, அசையல,” என்று கையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. தெபோராளைக் கண்டதும் கையை இறக்கவில்லை. சொல்லச் சொல்ல அவளுக்கு அப்படித்தான் நடந்தது என்று ஆகிவிட்டது போலிருந்தது.

வெயிலுமுத்து ஜெபக்கூடத்துக்கே வந்து முறையிட்டான். சபையின் பாதிரியார் பரஞ்சோதி ஐயர் தெபோராளைக் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனுஷர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர்.

“நீ அந்தப் பிள்ளைகிட்ட அப்படிச் சொன்னது உண்டா தெபோராள்?”

“சொன்னது உண்டு ஐயரே.”

“அந்த அக்காக்காரியைப் போகவிடாமல் தடுத்தாயா?”

தெபோராள் தரையைப் பார்த்தாள். ஐயரிடம் சொன்னால் ஐயரம்மாவுக்குத் தெரியும். ஐயரம்மாவுக்குத் தெரிந்தால் பெண்கள் சங்கத்துக்குத் தெரியும். பிறகு குழாயடி.

“தப்பு எம்மேலதான் ஐயரே.”

“சமாதானம் பண்ணப் போகிறவள் வாயிலிருந்து வருகிற பேச்சா இது? உனக்கே பிள்ளையில்லை. அந்த வலி உனக்குத் தெரியாதா?”

ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, இங்கே கொஞ்ச நாள் கண்ணில் படாமலிருப்பது நல்லது, சுனாபட்டி மில்லின் வரிசை வீடுகளான லயன்களில் நம் ஊர்ப்பக்கத்தார் வந்து சேர்ந்திருக்கிறார்கள், அங்கே போய் வேலையைப் பார் என்றார்.

வாசல் வரை போனவள் திரும்பி நின்றாள்.

“ஐயரே, ரெண்டு பேரும் இப்ப ஒரே அடுப்புலயா காய்ச்சுதாங்க?”

“அப்படித்தான் வெயிலுமுத்து சொன்னான். பலகையைக்கூட எடுத்துவிட்டார்களாம். ஏன் கேட்கிறாய்?”

“சும்மாதான்.”

சுனாபட்டியில் லயன் வீடுகளுக்கு நடுவே ஒரு தாழ்வாரத்தைத் தடுத்து அவளுக்குக் கொடுத்தார்கள். மில் புகை நாள் முழுக்கக் கரியாக இறங்கியது. புது ஜனங்கள். விளாத்திகுளம் பக்கத்தார் பேச்சு கொஞ்சம் வேறாக இருந்தது. ‘வாங்க’ என்பார்கள், சாக்கை விரித்துப் போடுவார்கள். சாப்பிட்டீர்களா என்று கேட்க இன்னும் நாளாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தால் ஒரு கை அரிசி போட்டுத் தானே பொங்கிக்கொள்வாள். ஓர் ஆளுக்குக் குழம்பு வைத்தால் அது குழம்பாக வருவதில்லை. ஊறுகாயோடு முடித்துக்கொள்வாள்.

முப்பிடாதிக்குப் பெண் பிறந்த சேதி தோல் வண்டிக்காரன் ஒருவன் சொல்லித்தான் தெரிந்தது. பிள்ளையும் தாயும் பிழைத்தது அக்காள்காரி பார்த்த பார்வையால்தான் என்றான். தெபோராள் அவனுக்குச் சாயா வாங்கிக் கொடுத்தாள். இவள் எதற்குச் சாயா வாங்கிக் கொடுக்கிறாள் என்று அவனுக்கு விளங்கவில்லை, குடித்துவிட்டுப் போனான்.

மார்கழியில் ஒரு காலை. பம்பாய்க் குளிர் பெரிய குளிர் இல்லை. ஆனாலும் சயான் ரோட்டில் புகையும் பனியும் கலந்து, எதிரே வருகிற ஆள் கிட்டத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது. தெபோராள் ஒரு காய்ச்சல்காரிக்கு மருந்து வாங்கப் போய்க்கொண்டிருந்தாள். எதிரே இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் வந்தாள். முருகம்மாள். உடம்பு பூசினாற்போல் இருந்தாள். நிற்பதா போவதா என்று அவளுக்கு ஒரு கணம் தடுமாறியது. சுற்றிலும் ஒரு முறை பார்த்துவிட்டு நின்றாள்.

“நல்லாருக்கியா முருகு?”

“இருக்கேன். நீங்க?”

“எனக்கென்ன. முப்பிடாதி எப்படி இருக்கா?”

“பட்டறைக்குப் போறா. பிள்ள எங்கிட்டதான்.”

“பேரு?”

“அதே பேருதான்.”

தெபோராள் ஒரு எட்டு முன்னால் வந்து குனிந்து பார்த்தாள். நல்ல கறுப்பு. முப்பிடாதியின் மூக்கு. பிள்ளை புது முகத்தைக் கண்டு பொக்கை வாயைத் திறந்து சிரித்து, ஒரு கையை நீட்டியது.

முருகம்மாளின் கை, தன்னாலேயே, முந்தானையை இழுத்துப் பிள்ளையின் முகத்தை மூடியது.

மூடிய பிறகுதான் தன் கை என்ன செய்தது என்று அவள் பார்த்தாள். முகம் செத்துப்போயிற்று. முந்தானையை எடுக்கவும் முடியவில்லை, அப்படியே பிடித்திருக்கவும் முடியவில்லை.

“வெயிலு,” என்றாள். “வெயிலு படுது.”

ரோட்டில் சூரியன் இன்னும் எழும்பவில்லை. கம்பத்து விளக்கு பனிக்குள் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது.

“ஆமாளா,” என்றாள் தெபோராள். “பொல்லாத வெயிலு. நல்லா மூடிக்கிட்டுப் போ.”

முருகம்மாள் தன்னைவிட்டு விலகி வேகமாக நடக்க வேண்டாம் என்று, தானே முதலில் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கமாகப் போனாள்.